பூச்சுக்கு அடியில் ஒரு குழி

சி-130 ஹெர்குலிஸ் என்ற ராணுவச் சரக்கு விமானத்தின் புரொப்பெல்லர் பிளேடு ஒன்றைக் கழற்றி நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும். முழுக்கத் திடமான அலுமினியக் கலவை. அடிப்பாகத்தில் மட்டும், ஹப்புக்குள் செருகி நிற்கும் இடத்தில், உள்ளே போகப்போகக் குறுகும் ஒரு துளை உண்டு. விமானம் பறக்கும்போது அந்தத் துளை யார் கண்ணுக்கும் தெரியாது. ஓடுபாதையில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது. பிளேடைக் கழற்றி ஓவர்ஹால் பட்டறைக்கு அனுப்பினால்தான் அதற்குள் பார்க்க முடியும். ஒரு பிளேடின் வாழ்நாளில் அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் மிகச் சில.

2011-இல் அப்படி ஒரு பிளேடு ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் விமானப்படைத் தளத்தில் உள்ள வார்னர் ராபின்ஸ் பராமரிப்பு வளாகத்துக்கு வந்தது. அங்கே நடக்கவேண்டிய வேலையின் வரிசை எளிதானது. பழைய பெயின்டையும் பழைய அனோடைஸ் படலத்தையும் ரசாயனத்தில் உரிக்க வேண்டும். வெற்று உலோகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒளிரும் சாயத்தை ஊறவைத்து, துடைத்து, புற ஊதா விளக்கில் பார்த்து மேற்பரப்பு விரிசல்களைத் தேட வேண்டும். துளைக்குள் எடி கரண்ட் கருவியை விட்டு, மின்காந்தப் புலம் எங்கே கலைகிறது என்று பார்க்க வேண்டும். அரிப்புக் குழி இருந்தால் அதன் ஆழம் முழுவதும் போகும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்தபின் அளவு குறைந்துவிட்டால் பிளேடைத் தூக்கிப் போட வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகே புதிய அனோடைஸ், புதிய பெயின்ட்.

அந்தப் பிளேடின் துளையில் ஏற்கெனவே அரிப்புக் குழி இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அதன் மேலேயே அனோடைஸ் ஏறியது.

அனோடைஸ் என்பது பெயின்ட் போல மேலே பூசுவதல்ல. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுவது. தொட்டியில் இறக்கும்போது குழி இருந்தால் குழியின் சுவர்களிலும் படலம் வளரும். குழி பின்னால் உண்டாகியிருந்தால் அதன் சுவரில் அந்தப் படலம் இருக்காது. எனவே நுண்ணோக்கியில் குழியை வெட்டிப் பார்த்தாலே அது முந்தையதா, பிந்தையதா என்று தெரிந்துவிடும். உடைந்த பிளேடின் குழிக்குள் அனோடைஸ் இருந்தது. பட்டறையிலிருந்து வெளியே போகும் நாளிலேயே அந்தப் பிளேடுக்கு நோய் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

குழி என்று சொன்னால் ஊசிமுனை அளவு ஏதோ ஒன்று என்று தோன்றும். அலுமினியக் கலவையில் அபாயம் குழியின் அகலத்தில் இல்லை. உலோகம் நுண்ணிய மணிகளால் ஆனது. மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் ஈரமும் உப்பும் நுழைந்து அரித்தால், மேலே சிறு புள்ளியாகத் தெரிவது உள்ளே விரிசலாக ஓடும். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,020 முறை சுழல்கிறது. 13 அடி 6 அங்குல விட்டத்துக்கு, பிளேடின் நுனி நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த இழுவிசை முழுவதையும் தாங்குவது அடிப்பாகம்தான். ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் அழுத்தம் மாறுவதால் பிளேடு நுணுக்கமாக வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 61,200 முறை. மணி எல்லையில் தொடங்கிய விரிசல் இந்த வளைவில் களைப்பு விரிசலாக மாறி, மயிரிழை மயிரிழையாக நீள்கிறது. பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் மிச்சமிருக்கும் உலோகம் போதாது.

அந்த நாள் 2017 ஜூலை 10. 'யாங்கி 72' என்ற அழைப்புப் பெயர் கொண்ட அமெரிக்க மரைன் படையின் கேசி-130டி விமானம் (ஹெர்குலிஸின், வானில் எரிபொருள் தரும் வகை), வட கரோலினாவின் செர்ரி பாயின்டிலிருந்து கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிஸிசிப்பி மாநிலத்தின் லெஃப்ளோர் கவுன்டிக்கு மேல், சுமார் 20,000 அடியில், இரண்டாம் புரொப்பெல்லரின் நான்காம் பிளேடு கழன்றது. இரண்டாம் புரொப்பெல்லர் இடப்பக்கம் உடலை ஒட்டி இருப்பது. பிளேடு இடப்பக்கச் சுவரைக் கிழித்து உள்ளே புகுந்து, குறுக்கே போய் வலப்பக்கச் சுவரின் உட்புறத்தில் செருகி நின்றது. அந்த அடியின் அதிர்வு வலப்பக்கத்து மூன்றாம் புரொப்பெல்லரை இன்ஜினிலிருந்து பிரித்தது. பிரிந்த புரொப்பெல்லர் உடலின் வலப்பக்கத்தில் மோதி, பின்புறக் கிடைவாலில் ஒரு பகுதியையும் அறுத்துக்கொண்டு போயிற்று. விமானம் வானிலேயே துண்டானது. சோயா வயல்களில் விழுந்தது. 15 மரைன் வீரர்கள், கடற்படையின் மருத்துவ உதவியாளர் ஒருவர், ஆக 16 பேர் இறந்தார்கள். விமானிகள் செய்வதற்கு அதில் எதுவுமே இல்லை.

இந்த விசாரணையில் என்னை மிகவும் உலுக்குவது உடைந்த பிளேடு அல்ல, உடையாத பிளேடுகள். நான்கு இன்ஜின், இன்ஜினுக்கு நான்கு பிளேடு, மொத்தம் 16. அவற்றில் 12 பிளேடுகளில், கடைசி ஓவர்ஹாலின்போதே இருந்து விடுபட்ட அரிப்பு காணப்பட்டது. ஒரே பிளேடு என்றால் ஒரு தொழிலாளியின் அசந்த பிற்பகல் என்று சொல்லலாம். பன்னிரண்டு என்றால் அது பட்டறையின் வழக்கம். ஒரு படிநிலையைத் தாண்டிப் போவது அங்கே இயல்பாகியிருக்கிறது. கடற்படை தன் பிளேடுகளை விமானப்படைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. பிளேடு பெட்டியில் வந்தது, கூடவே கையெழுத்திட்ட தாளும் வந்தது. பெற்றுக்கொண்டவர்கள் தாளை நம்பினார்கள்.

எடி கரண்ட் சோதனை எப்படி ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். உணர்கருவியின் முனை உலோகப் பரப்பை ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் தொட்டுப் போக வேண்டும். கை சற்றே தூக்கினாலும் திரையில் அலை எழும், அது விரிசலின் அலையைப் போலவே இருக்கும். ஒவ்வொரு அலையையும் நின்று சோதித்தால் நாள் முழுக்க நான்கு பிளேடுதான் முடியும். வரிசையில் நாற்பது காத்திருக்கும்போது கண் அலைகளைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். சரியான அளவுத்துண்டை வைத்துக் கருவியை அளவிட்டிருக்கிறார்களா, துளையின் முழுச் சுற்றளவிலும் போனார்களா, எங்கே நிறுத்தினார்கள் என்பது எதுவும் கையெழுத்தில் தெரியாது. இதனால்தான் இப்படிப்பட்ட துளைகளுக்குள் மனிதக் கையை நம்பாமல், இயந்திரம் முனையைச் சுழற்றி, எடுத்த அலைவடிவம் முழுவதையும் சேமித்து வைக்கும் முறை நல்லது. பத்தாண்டு கழித்தும் ஒருவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

ராணுவ விமான விபத்து என்றதும் செய்திகள் விமானியிடம்தான் முதலில் போகின்றன. என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார், கடைசியாக என்ன பேசினார். இயல்பான கேள்விகள்தான். ஆனால் வெளியான விசாரணை அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் கேள்வி பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். கடைசி ஆறு நிமிடத்திலிருந்து ஆறு ஆண்டுக்கு, சில சமயம் நாற்பது ஆண்டுக்கு.

நாற்பது ஆண்டுக்குப் போகும் அறிக்கை ஒன்றுண்டு. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் கந்தஹாருக்கு அருகே வெடித்துச் சிதறிய பிரிட்டிஷ் நிம்ராட் எக்ஸ்வி230. 14 பேர் இறந்தார்கள். வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹாடன்-கேவ் 2009 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, ராணுவ விமானப் பாதுகாப்பைப் பற்றி யார் பேசினாலும் தொட்டாக வேண்டிய ஒன்று.

நிம்ராட் பிறந்தது காமெட் பயணிகள் விமானத்திலிருந்து. கடலுக்கு மேல் மணிக்கணக்கில் ரோந்து சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. நான்கு ஸ்பே ஜெட் இன்ஜின்கள், இறக்கை உடலோடு சேரும் இடத்திலேயே புதைந்திருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த ரோந்தின்போது ஓரிரு இன்ஜின்களை அணைத்துவிடுவார்கள். மீண்டும் ஓட்ட வேண்டும் என்றால் ஓடும் இன்ஜினின் அமுக்கப்பட்ட சூடான காற்றை எடுத்து, அணைந்த இன்ஜினைச் சுழற்ற வேண்டும். அதற்கு விமானத்தின் குறுக்கே ஒரு குழாய். 'கிராஸ்-ஃபீட்' குழாய். 1969-இல் முதல் நிம்ராட் படையில் சேர்ந்தபோதே அது இருந்தது. அந்த முதல் விமானம்தான் எக்ஸ்வி230.

குழாய் போன வழியில் ஏழாம் எண் டேங்கை ஒட்டி ஒரு வெற்றறை. 'டிரை பே' என்று பெயர். அதற்குள் எரிபொருள் குழாய்களும் அவற்றை இணைக்கும் கப்ளிங்குகளும் உண்டு, சூடான காற்றுக் குழாயும் உண்டு. எரிபொருளும் பற்றவைக்கும் வெப்பமும் ஒரே அறையில். தீயை உணரும் கருவி அங்கே இல்லை, அணைக்கும் கருவியும் இல்லை. இருந்தாலும் இன்ஜினைத் திருப்பி ஓட்டும் அந்தச் சிறிது நேரம் மட்டுமே குழாய் சூடாகும். முதல் தவறு அங்கே உறங்கியது.

1979-இல் எம்ஆர்2 என்ற புதிய வடிவம் வந்தது. ரேடாரும் மின்னணுக் கருவிகளும் கூடின, அவற்றைக் குளிர்விக்க வாலில் கூடுதல் குளிரூட்டும் தொகுதி வைத்தார்கள். அதற்குக் காற்று வேண்டும். இருக்கிற கிராஸ்-ஃபீட் குழாயிலிருந்து கிளை எடுத்து, அந்த வெற்றறை வழியாகவே வாலுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது குழாய் சிறிது நேரமல்ல, மணிக்கணக்கில் சூடாக இருக்கிறது. காற்றின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸை எட்டக்கூடியது. ஜெட் எரிபொருள் நெருப்புப் பொறியே இல்லாமல் தானாகப் பற்ற 200-க்குச் சற்று மேலே இருந்தால் போதும். குழாயைச் சுற்றி வெப்பக் காப்பு உறை இருந்தது, ஆனால் இணைப்புகளில் இடைவெளி விழுந்தது. கசிந்த எரிபொருள் அந்த இடைவெளியில் புகுந்தால் சூடான உலோகத்தையே தொடும்.

மூன்றாவது, வானில் எரிபொருள் நிரப்புதல். 1982 ஃபாக்லாண்ட் போருக்காக அவசரமாகப் பொருத்தினார்கள், 1989 வாக்கில் நிலையாக்கினார்கள். வானில் நிரப்பும்போது எரிபொருள் அழுத்தத்தோடு வருகிறது. டேங்க் நிரம்பி வழிந்தால் முதலாம் டேங்கின் வால்வு அதை வெளியே கக்கும். அது உடலின் பக்கவாட்டில் பின்னோக்கி ஓடி, வெற்றறைக்குள் புகக்கூடிய இடத்தைக் கடக்கிறது. அதோடு, அழுத்தம் ஏறும்போது வயதான கப்ளிங்குகளின் ரப்பர் சீல்களும் கசியலாம்.

மூன்று முடிவு, ஏறக்குறையப் பத்துப் பத்து ஆண்டு இடைவெளியில். ஒவ்வொன்றையும் செய்தவர்கள் தங்கள் முன்னால் இருந்த பிரச்சினையைத் தீர்த்தார்கள். மூன்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. என்னைக் கேட்டால், பழைய விமானங்களில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் புதுக் குழாய் எதன் பக்கத்தில் போகிறது? என்ன செய்கிறது என்பது இரண்டாம் கேள்வி.

விபத்து நாளன்று எக்ஸ்வி230, வானில் ட்ரைஸ்டார் டாங்கர் விமானத்திடம் எரிபொருள் வாங்கி முடித்தது. ஓரிரு நிமிடத்தில் குண்டறையில் தீ எச்சரிக்கை, பின்னறையில் புகை எச்சரிக்கை. குழு கேபின் அழுத்தத்தை விட்டது, 'மேடே' என்ற ஆபத்து அழைப்பை அறிவித்தது, கந்தஹாரை நோக்கித் திரும்பி இறங்கத் தொடங்கியது. எல்லாம் பயிற்சியில் சொன்னபடியே. எச்சரிக்கை தொடங்கி சுமார் ஆறு நிமிடத்தில், சில ஆயிரம் அடி உயரத்தில் விமானம் வெடித்ததை அருகே பறந்த ஹாரியர் விமானி பார்த்தார். தீ இருந்த அறைக்குள் எட்டும் எந்த வழியும் குழுவுக்கு இல்லை. அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை என்பதை விசாரணை வெளிப்படையாகவே சொன்னது.

இதற்குமேல் படிக்கும்போது கை நடுங்குகிறது. ஏனென்றால் இந்தத் தீயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு வேலை, விபத்துக்குச் சில ஆண்டு முன்புதான் நடந்திருந்தது. பழைய விமானங்களுக்கும் 'சேஃப்டி கேஸ்' எழுத வேண்டும் என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் விதித்திருந்தது. எங்கே என்ன அபாயம், அது நிகழ வாய்ப்பு எவ்வளவு, எப்படித் தடுக்கிறோம் என்று விமானத்தை அறை அறையாகப் பிரித்து எழுதும் ஆவணம். நிம்ராடுக்கு அது 2001-க்கும் 2005-க்கும் இடையே எழுதப்பட்டது. பிஏஈ சிஸ்டம்ஸ் தயாரித்தது, அமைச்சகத்தின் நிம்ராட் குழு பெற்றுக்கொண்டது, கினெடிக் நிறுவனம் சுயேச்சை ஆலோசகர். அதில் எச்73 என்று ஒரு வரி இருந்தது. அதே வெற்றறை, அதே குழாய். 'நிகழ வாய்ப்பு மிகக் குறைவு' என்று குறித்து மூடினார்கள். மொத்த அபாயங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முடிக்கப்படாமலே ஆவணம் கைமாறியது. முப்பது ஆண்டு பறந்த விமானம், பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை முதலில், கணக்கு பின்னால். திறமையின்மை, மெத்தனம், ஏளனப்போக்கு என்று ஹாடன்-கேவ் அந்தக் கதையை வரையறுத்தார்.

முப்பது ஆண்டு விழவில்லை என்பது ஒரு தரவு போலத் தோன்றும். நிம்ராட் விஷயத்தில் அந்த முப்பது ஆண்டும் ஒரே விமானத்தின் ஆண்டுகள் அல்ல. சீல் புதிதாக இருந்த காலம் வேறு, சீல் இறுகிய காலம் வேறு. வானில் அரிதாக நிரப்பிய காலம் வேறு, ஆப்கானிஸ்தான் பணிக்காக அடிக்கடி நிரப்பிய காலம் வேறு. 2004-இல் எக்ஸ்வி227 என்ற மற்றொரு நிம்ராடில் அதே குளிரூட்டும் தொகுதிக்குப் போகும் குழாய் அரித்து வெடித்திருந்தது. விமானம் தப்பித் தரையிறங்கியது. உடைந்த குழாய் மாற்றப்பட்டது. அந்தக் குழாய் ஏன் அங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி மேலே போகவில்லை. யாரும் சாகாமல் கிடைத்த எச்சரிக்கை அது. அதைவிட மலிவான பாடம் எந்தப் படைக்கும் கிடைக்காது.

அறிக்கைக்குப் பின் 2010-இல் பிரிட்டன் ராணுவ விமானப் போக்குவரத்து ஆணையம் ஒன்றை அமைத்தது. பறக்கத் தகுதி என்று கையெழுத்திடுபவர் பெயரோடு பொறுப்பேற்க வேண்டும் என்ற நடைமுறை உறுதியானது. நிம்ராட் எம்ஆர்2 விமானங்கள் அதே ஆண்டு மார்ச்சில் ஓய்வு பெற்றன.

உலோகமும் எரிபொருளும் இல்லாமல், வெறும் தண்ணீர்த் துளியால் விழுந்த விமானமும் உண்டு. 2008 பிப்ரவரி 23, குவாம் தீவின் ஆண்டர்சன் தளம். ஸ்பிரிட் ஆஃப் கான்சஸ் என்ற பி-2 குண்டுவீச்சு விமானம் எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. 140 கோடி டாலர். இரு விமானிகளும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள்.

பி-2-க்கு, காற்றின் வேகத்தை அளக்க வெளியே நீட்டிய பிட்டோ குழாய் கிடையாது, ரேடாரில் தெரியும் என்பதால். அதற்குப் பதிலாக உடலின் பரப்போடு சமமாகப் பதித்த அழுத்த உணர்கருவிகள், மொத்தம் 24. அவை சொல்லும் காற்றழுத்தத்திலிருந்துதான் வேகம், உயரம், மூக்கின் கோணம் எல்லாவற்றையும் கணினி கணக்கிடுகிறது. வாலே இல்லாத பறக்கும் இறக்கை என்பதால் கணினி இல்லாமல் அதை ஒரு நொடியும் ஓட்ட முடியாது. குவாமின் மழையில் மூன்று கருவிகளுக்குள் ஈரம் புகுந்தது. புறப்படுமுன் தொழில்நுட்பர்கள் கருவிகளை அளவு திருத்தினார்கள், ஈரம் உள்ளே இருக்கும்போதே. ஈரத்தின் பிழையையே சரியென்று எடுத்துக்கொண்டு கணினி திருத்தம் போட்டது. பிறகு பறப்பதற்கு முன் சூடேற்றியை இயக்கியதும் ஈரம் ஆவியானது. இப்போது இல்லாத ஈரத்துக்குப் போட்ட திருத்தம் மட்டும் மிஞ்சியது.

திரையில் தெரிந்த வேகம் உண்மையைவிடச் சுமார் 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) அதிகம். விமானிகள் போதுமான வேகம் வந்துவிட்டது என்று நம்பி எழுப்பினார்கள். மூக்கு கீழே சாய்வதாக நினைத்த கணினி தானாகவே அதை 30 டிகிரி மேலே தூக்கியது. வேகம் கரைந்தது, இடது இறக்கை நிலத்தை உரசியது, மீட்கும் வாய்ப்பு முடிந்தது.

இதற்கான மருந்து முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் இந்த வழக்கின் வலி. 2006-இலேயே, அளவு திருத்துவதற்கு முன்னால் சூடேற்றியை ஓட்டினால் ஈரம் போய்விடும் என்று அங்கே வேலை செய்தவர்கள் சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். தெரிந்தவர்கள் செய்தார்கள். அது அதிகாரபூர்வ நடைமுறையில் ஏறவில்லை, அடுத்த சுழற்சியில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாய்வழிப் பக்குவம் சமையலுக்குச் சரி. ஆட்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும் படைத்தளத்தில், தாளில் ஏறாத அறிவு ஊரை விட்டுப் போகிறவரோடு போய்விடும்.

தாளில் ஏற்றும் வழக்கமே ஒரு விபத்தில்தான் வேர்விட்டது. 1935 அக்டோபர் 30, ஒஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299, பின்னாளில் பி-17 ஆன நான்கு இன்ஜின் விமானம், மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி எழும்பி, வேகமிழந்து விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் கட்டுப்பாடுகளைப் பூட்டி வைக்கும் அமைப்பு விடுவிக்கப்படாமலே இருந்தது. மேஜர் பிளோயர் ஹில்லும், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் காயங்களால் இறந்தார்கள். ராணுவத்தின் தேர்ந்த விமானிகளில் ஒருவர் ஹில். விமானிகளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று அந்தப் படை முடிவெடுக்கவில்லை. இத்தனை வேலைகளை நினைவில் வைத்துச் செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்டு செக்லிஸ்டை எழுதியது. பெருந்தன்மையான முடிவு அது.

எல்லாப் படைகளும் எல்லா நேரமும் அப்படி இருந்ததில்லை. 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டயரில் பனிமூட்டத்தில் மலைச்சரிவில் மோதிய பிரிட்டிஷ் சினூக் இசட்டி576-இல் 29 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வட அயர்லாந்து உளவுத்துறை அதிகாரிகள். அந்த ஹெலிகாப்டரில் குரல் பதிவு கருவியும் இல்லை, பறப்புத் தரவுப் பதிவு கருவியும் இல்லை. 'எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை என்றால் மட்டுமே' இறந்த விமானியைக் குற்றம் சொல்லலாம் என்பது அன்றைய விமானப்படையின் சொந்த விதி. பதிவே இல்லாத விபத்தில் சந்தேகமில்லை என்று உயர் அதிகாரிகள் இருவர் முடிவெடுத்து, இரு விமானிகள் மீதும் பெரும் அலட்சியம் என்று எழுதினார்கள். புதிய இன்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள்மீது நம்பிக்கை இல்லாமல் ராணுவத்தின் சொந்தச் சோதனை மையமான பாஸ்காம் டவுன் அந்த வகை ஹெலிகாப்டரின் சோதனைப் பறப்புகளை விபத்துக்கு முந்தைய நாள்தான் நிறுத்தியிருந்தது. குடும்பங்கள் 16 ஆண்டுக்கு மேல் போராடின. 2011 ஜூலையில் லார்ட் ஃபிலிப் தலைமையிலான மறு ஆய்வுக்குப் பின் அந்தத் தீர்ப்பு ரத்தானது, அரசு மன்னிப்புக் கேட்டது. விமானியைக் குற்றவாளியாக்கும் முடிவின் இன்னொரு கேடு, அதோடு தேடல் நின்றுவிடுவது. காரணம் கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடியபின் மென்பொருளை யார் பார்ப்பார்கள்?

நம் ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட குறிப்பு சொன்னது இதுதான்: இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை உணர்வு குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே மலையில் மோதியது. இருக்கலாம். நீலகிரிச் சரிவில் டிசம்பர் மேகம் எவ்வளவு வேகமாக ஏறும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேகத்துக்குள் போனவுடன் கண்ணுக்கு அடிவானம் இல்லை. உட்காதின் திரவம் மெதுவான திருப்பத்தை நேராகப் போவதாகவே சொல்லும். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கு மாற வேண்டும், அந்த மாற்றத்துக்குச் சில நொடிகள் தேவை. பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும்போது அந்த நொடிகள் இருப்பதில்லை.

ஆனால் இந்தக் குறிப்பு முடியும் இடத்தில்தான் நான் மேலே சொன்ன அறிக்கைகள் தொடங்குகின்றன. வழியில் வானிலை எங்கே, யாரால், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட்டது? மேகம் மூடினால் திரும்புவதற்கு எந்த இடம் வரை முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டி வகுத்திருந்தார்களா? நிலத்தை எச்சரிக்கும் கருவி இருந்ததா, இருந்தால் மலைப்பகுதியில் அது எத்தனை நொடி முன்னால் குரல் கொடுக்கும்? ரகசியம் காக்கவேண்டியவற்றை மறைத்துவிட்டே இவற்றுக்குப் பதில் வெளியிடலாம். நிம்ராட் போர்க்களத்தின் மேல் பறந்த உளவு விமானம், அதன் அறிக்கையையே எவரும் வாங்கிப் படிக்க முடிந்தது.

தாம்பரத்தின் கதை இதற்கும் முந்தையது. 2016 ஜூலை 22 காலை, ஏஎன்-32 கே2743 அங்கிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. 29 பேர். வங்கக் கடலுக்கு மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி, ஆய்வுக் கப்பல் சாகர் நிதி என்று மாபெரும் தேடல். ஒன்றும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அனுப்பிய தானியங்கி நீர்மூழ்கி வாகனம் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. ஏழரை ஆண்டுகள்.

விமானத்தில் அவசர ரேடியோ கருவிகள் இருந்தன. அவை 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குப் பேசுபவை. ரேடியோ அலை உப்பு நீரில் கொஞ்சமும் போகாது, மூழ்கியபின் அந்தக் கருவி ஊமை. கடலடியிலிருந்து பேசுவதற்கு வேறொரு கருவி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் உருளை, நீர் பட்டதும் தானாக விழித்துக்கொண்டு 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒருமுறை ஒலி எழுப்பும். பயணிகள் விமானங்களில் பல பத்தாண்டுகளாகக் கறுப்புப் பெட்டியோடு அதைப் பிணைத்து வைக்கிறார்கள். பழைய வகை 30 நாள் ஒலிக்கும், புதியது 90 நாள். கடலுக்கு மேல் அடிக்கடி பறக்கும் அந்த ஏஎன்-32-இல் அது பொருத்தப்பட்டிருக்கவில்லை.